பாஸ் இணைப்பில் இருக்கிறார்

என் அண்ணன் இறந்த பிறகும் அவருடைய ஏர்கோன் அவர் பேச்சைத்தான் கேட்டது. என் பேச்சைக் கேட்கவில்லை. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கிள்ளானில் இருக்கும் இந்த வீட்டில் என் பேச்சைக் கேட்கும் பொருள் என்று எதுவும் எப்போதும் இருந்ததில்லை. சமையலறைக் குழாய்கூட என் மனைவி திறந்தால்தான் ஒழுங்காகக் கொட்டும். நான் திறந்தால் என்மேல் துப்பும்.

அண்ணன் ரயில் ஓட்டியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வு பெற்றதும் பிரிக்பீல்ட்ஸ் குவாட்டர்ஸைக் காலி செய்துவிட்டு ஒரு பெட்டியோடும் இரண்டு கம்பளிகளோடும் எங்கள் வீட்டுப் பின்னறைக்கு வந்து சேர்ந்தார். எஞ்சின் சூட்டில் வெந்தது போதும், மிச்ச ஆயுசைக் குளிரில்தான் கழிப்பது என்று முடிவு கட்டியிருந்தார். பதினாறு டிகிரி. அதற்குக் கீழே ரிமோட்டில் எண் இல்லை என்பது அவருடைய தீராத மனக்குறை. சாயங்காலம் பக்கத்துப் பள்ளிவாசலில் பாங்கு ஒலித்ததும் அறைக்குள் போய் ஏர்கோனைப் போட்டு, கம்பளியை மூக்குவரை இழுத்துக்கொண்டு செய்தி பார்ப்பார். நான் எட்டிப் பார்த்தால், "கேமரன் மலைக்கு எதுக்குடா பஸ் ஏறணும்? உள்ள வா லா, டிக்கெட் இல்ல," என்பார். என் மகள் சின்ன வயதில் பாதி நாள் பெரியப்பாவின் காலடியில் அந்த இரண்டாவது கம்பளிக்குள்தான் தூங்கினாள்.

கருவிப் பைத்தியமும் அவருக்கு உண்டு. ஏர்கோனைக் கைப்பேசியால் இயக்க ஒரு சாதனம் வாங்கி அலமாரியின் உச்சியில் வைத்தார். வெள்ளை நிறம், சோப்புக் கட்டி அளவு. கண்ணுக்குத் தெரியாத ஒளியை வீசி ரிமோட்டின் வேலையை அது செய்யும். அதற்குத் துணையாகச் சூட்டை அளக்கும் பொத்தான் ஒன்றும் உண்டு என்றார். அதை எங்கே வைத்தார் என்று நான் கேட்கவில்லை. அவர் விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் சோறு ஆறிவிடும். சாதனத்துக்கு 'பாஸ்' என்று பெயர் வைத்தார்.

"முன்னப்பின்ன தெரியாதவனையெல்லாம் பாஸ் பாஸ்னு கூப்பிடறோம். நமக்குக் குளிர் குடுக்கறவன கூப்பிடக்கூடாதா?"

என் கைப்பேசியிலும் அந்தச் செயலியை ஏற்றிவிட்டார். ஆனால் அதில் எனக்குக் கொடுத்த பதவி விருந்தினர். பார்க்கலாம், தொடக்கூடாது. என் வீட்டு ஏர்கோனுக்கு நானே விருந்தாளி. மாலையானால், நான் பிரிக்பீல்ட்ஸில் என் மூக்குக்கண்ணாடிக் கடையில் இருக்கும்போதே செய்தி வந்துவிடும்: பாஸ் இணைப்பில் இருக்கிறார்.

பிறகு டெங்கிக் காய்ச்சல் வந்தது. போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் கட்டிலின் தலைமாட்டுத் திரையில் அவருடைய உடம்புச் சூடு எண்ணாக ஓடியது. முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, அதற்கும் மேலே. நான் கோமாளி, அவரைச் சிரிக்க வைக்கவே என்னைப் பக்கத்தில் உட்கார வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டு, "என்னண்ணே, ஸ்டேஷன்ல நிக்காம போய்ட்டே இருக்கீங்க," என்றேன். அவர் சிரிக்கவில்லை. "டேய், இன்னும் கொஞ்சம் கம்மி பண்ணுடா," என்றார். வார்டு ஏர்கோனை நான் எப்படிக் குறைப்பது? நர்ஸைக் கேட்டேன். கட்டடம் முழுவதற்கும் ஒரே ஏர்கோன், அது எங்கள் கையில் இல்லை என்றார். அண்ணன் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

கருமாதி அன்று அவர் படத்துக்குச் சட்டம் போட்டுப் பின்னறைச் சுவரில் மாட்டினோம். உறவுக்காரர் யாரோ அவசரத்தில், ஏற்கெனவே அங்கிருந்த கொக்கியிலேயே மாட்டிவிட்டார். படத்துக்குக் கீழே சின்னப் பலகை அடித்து, காற்றுக்கு அணையாமல் கண்ணாடிக் கூண்டு வைத்த விளக்கு ஒன்றை என் மனைவி வைத்தாள். தலைத்திவசம் வரும்வரை தினமும் அந்தியில் ஏற்ற வேண்டும் என்றாள். அதுவரை அந்த அறையில் அவர் வைத்த பொருள் எதையும் இடம் மாற்றக்கூடாது என்றும் சொன்னாள். அவள் சொன்னால் சட்டம், நாடாளுமன்றம் தேவையில்லை.

கருமாதிச் சந்தடி அடங்கிய மறுநாள் அந்தியில் வீட்டில் இருந்தேன். பாங்கு ஒலித்து அடங்கியது. மனைவி வாசலில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். நான் கூடத்தில் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தேன். மூடியிருந்த பின்னறைக்குள்ளிருந்து 'பீப்' என்று ஒரு சத்தம். அப்புறம் ஏர்கோனின் வாய் திறக்கும் அந்தக் கிறீச். என் பாக்கெட்டில் கைப்பேசி அதிர்ந்தது.

பாஸ் இணைப்பில் இருக்கிறார்.

பிஸ்கட் தேநீருக்குள் விழுந்து மூழ்கியது. அதை மீட்கும் நிலையில் நான் இல்லை. என்னை வீரன் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை, அந்தப் பட்டத்தை நானும் எதிர்பார்த்ததில்லை. ஆனாலும் கையில் ஆயுதம் வேண்டுமே. அண்ணன் போன பிறகு வாங்கிய மின்சாரக் கொசு மட்டை மேசைமேல் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு கதவருகே போனேன். உள்ளே இருப்பது நம் ஆள் இல்லாமலும் இருக்கலாம் என்ற முன்யோசனையில் யாரென்று முதலில் மலாய் மொழியில் கேட்டேன்: "சியாப்பா?"

கதவின் அடியிடுக்கு வழியாகக் குளிர் வந்து என் கால் விரல்களைத் தொட்டது. பதினாறு டிகிரிக் குளிரை எனக்குத் தெரியும். அது ஒரு மனிதரின் குளிர்.

"அண்ணே?" என்றேன். என் குரல் என் மகளின் குரல்போல இருந்தது.

துணிக் கூடையோடு மனைவி வந்து நின்றாள். மட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"உள்ள கொசுவா?"

"ஏர்கோன்... தானா ஓடுது."

அவள் கதவைத் திறந்தாள். அறையில் யாரும் இல்லை. கூண்டுக்குள் விளக்கு அமைதியாக எரிந்தது. ஏர்கோன் முகத்தில் பச்சையாக 16. என் அண்ணனை அவள் மாமா என்றுதான் கூப்பிடுவாள். படத்தைப் பார்த்து, "வந்துட்டிங்களா மாமா," என்று சொல்லிவிட்டு, கட்டிலில் மடித்திருந்த கம்பளியை விரித்துப் போட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு வந்து துணி மடிக்க உட்கார்ந்தாள்.

"பயமா இல்லையா உனக்கு?"

"உசுரோட இருந்தப்ப பயந்தமா? இப்ப மட்டும் என்ன? நீங்க அந்த மட்டைய கீழ வைங்க, கைல ஷாக் அடிக்கப்போகுது."

அப்போதே அடித்திருந்தது. நான் சொல்லவில்லை.

அதன்பிறகு அது வழக்கமாகிவிட்டது. அந்தியில் வரும், கொஞ்ச நேரம் ஓடும், யாரிடமும் சொல்லாமல் நின்றுவிடும். வெள்ளிக்கிழமைகளில் கூடுதல் நேரம் ஓடும். "வெள்ளிக்கிழமை உங்கண்ணன் கவுச்சி சாப்பிடமாட்டாரு. உடம்பு லேசா இருக்கும். ரொம்ப நேரம் உக்காந்திருக்காரு," என்று மனைவி காரணம் சொன்னாள். நான் ரிமோட்டின் பேட்டரியைக் கழற்றிப் பார்த்தேன். ஓடியது. வைபையை அணைத்துப் பார்த்தேன். அப்போதும் ஓடியது. சுவர் சுவிட்சை ஒருநாள் தட்டினேன். ஏர்கோனின் வாய் மெதுவாக மூடி, உள்ளே ஏதோ ஒன்று கடைசியாக மூச்சுவிட்டு அடங்கியது. ஆஸ்பத்திரியில் அண்ணனின் மூச்சு இயந்திரத்தை நிறுத்தியபோது கேட்ட அதே சத்தம். அவசரமாகச் சுவிட்சை மறுபடியும் போட்டுவிட்டு, "சாரிண்ணே," என்றேன். ஏர்கோனிடம் மன்னிப்புக் கேட்ட முதல் கண்ணாடிக் கடை முதலாளி நானாகத்தான் இருப்பேன்.

ஒரு கல்யாணத்துக்காக ஈப்போ போய் இரண்டு இரவு தங்கினோம். அந்த இரண்டு மாலையும் செய்தி வரவில்லை. "பார்த்தியா, பாஸும் லீவு போட்டு நம்மகூட கல்யாணத்துக்கு வந்துட்டாரு," என்றேன். மனைவி சிரித்தாள். பந்தியில் என் பக்கத்து நாற்காலி காலியாகவே இருந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்குப் பாயசம் இறங்கவில்லை.

இப்படியே தலைத்திவசம்வரை ஓட்டியிருக்கலாம். ஆனால் என் மகள் உண்டாகியிருந்தாள். தலைப்பிரசவம், தாய்வீட்டுக்குத்தான் வரவேண்டும். வருவதற்குப் பின்னறையை விட்டால் வேறு அறை இல்லை. அவளும் அதைத்தான் கேட்டாள். "எனக்குப் பெரியப்பா ரூம்தான் வேணும் பா." சிக்கல் என்னவென்றால், அவளுக்கு ஏர்கோனும் வேண்டும். கிள்ளான் வெயிலில் பச்சைக் குழந்தைக்கு வேர்க்குரு வந்துவிடுமாம். என் மனைவிக்கோ ஏர்கோன் என்ற சொல்லே ஆகாது.

"பிள்ள பெத்த உடம்புல குளிர் ஏறக்கூடாது. ஜன்னி வரும். நான் உன்ன பெத்தப்ப ஃபேன்கூட போடல."

"அதான்மா உங்களுக்கு இவ்ளோ கோபம் வருது," என்றாள் மகள்.

ஐக்கிய நாடுகள் சபை போல நான் நடுவில் புகுந்தேன். இருபத்தேழு டிகிரி, அதற்கு ஒரு துளி கீழே போகாது, காற்று கட்டில்மேல் படாது. நான் பொறுப்பு என்றேன். இருவரும் என்னைச் சந்தேகமாகப் பார்த்து, வேறு வழியின்றி ஒப்புக்கொண்டார்கள்.

பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். அந்தியானால் பதினாறுக்குத் தானாக இறங்கும் அறையில் பச்சைக் குழந்தையை எப்படிப் படுக்க வைப்பது? விஷயம் எப்படியோ செமினியில் இருக்கும் சம்பந்தியம்மா காதுக்கும் போயிருந்தது. அவர் என் மனைவிக்குப் போன் போட்டார். எனக்கும் கேட்கட்டும் என்று அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஒண்ணும் தப்பா நெனச்சிக்காதிங்க சம்பந்தி. அந்த ரூம்ல ஏர்கோன் தானா ஓடுதாமே? செத்தவங்க படுத்த ரூம் வேற. பச்ச உடம்பு. நாங்க இங்க ரூம் ரெடி பண்ணி வச்சிருக்கோம். புள்ள இங்கயே இருக்கட்டும்."

"சரி பண்ணிட்டோம் சம்பந்தி. சாதாரண ரிப்பேருதான்," என்று மனைவி சிரித்துக்கொண்டே சொன்னாள். போனை வைத்ததும் சிரிப்பையும் வைத்துவிட்டாள். "தலைப்பிரசவத்த மாமியார் வீட்டுல பார்க்க விட்டவன்னு நாளைக்கு நாலு பேரு என்னைச் சொல்லணுமா? என்ன செய்விங்களோ தெரியாது. எம்புள்ள இந்த வாசப்படி ஏறணும்."

"அந்த வெள்ளைப் பெட்டியத் தூக்கி எறிஞ்சிட்டுப் புதுசு வாங்கிடவா?"

"மாமா வச்சத எறியறதா? திவசம்கூட முடியல."

ஆக, அண்ணனையும் அசைக்கக்கூடாது, மகளும் வரவேண்டும். ஹப் என்கிற ஒரு கருவியை வாங்கி வந்தேன். வீட்டிலுள்ள எல்லாச் சாதனங்களையும் ஒரே குடையின்கீழ் கொண்டுவந்து ஆளும் என்று அட்டைப் பெட்டியில் போட்டிருந்தது. என் வீட்டில் அந்த வேலையை ஏற்கெனவே ஒருத்தி பார்க்கிறாள் என்பது அந்தக் கம்பெனிக்குத் தெரியாது. ஹப்பை மின்சாரத்தில் சொருகினேன். நீல வளையம் சுற்றியது. கூடத்து விளக்கைக் கண்டுபிடித்தது, டிவியைக் கண்டுபிடித்தது, பக்கத்து வீட்டுக்காரரின் காற்றாடியைக்கூடக் கண்டுபிடித்தது. பின்னறைச் சாதனத்திடம் வந்ததும் நின்றது. 'ஆதரிக்கப்படாத சாதனம்' என்றது.

ஆதரிக்கப்படாத சாதனமா? அண்ணனுக்கு நாங்கள்தானே ஆதரவு, அதை நீ எப்படிச் சொல்லலாம் என்று அந்த வளையத்தோடு சண்டை போட்டேன். பிறகு சாதனக் கம்பெனியின் அரட்டைப் பெட்டியில் உதவி கேட்டேன். மறுபக்கத்தில் இருந்தது மனிதரா இயந்திரமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மகா மரியாதையாகப் பதில் வந்தது. இந்தச் சாதனம் வேறொருவரின் கணக்கில் பதிவாகியுள்ளது. அவர் தன் கணக்கிலிருந்து விடுவித்தால்தான் புதிய ஹப்பில் சேர்க்க முடியும்.

அவர் இறந்துவிட்டார் என்று எழுதினேன்.

தங்கள் இழப்புக்கு வருந்துகிறோம் என்று வந்தது. அடுத்த வரி: தயவுசெய்து உரிமையாளரை ஒருமுறை மட்டும் உள்ளே நுழையச் சொல்லுங்கள்.

மத்தியான வெயிலில், ஆள் நடமாட்டம் உள்ள என் சொந்தக் கடையில் உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் முதுகில் சில்லென்றது. அவர் தினமும்தான் நுழைகிறாரே, அதுதானே ஐயா பிரச்சினை என்று எழுதி, அனுப்பாமல் அழித்தேன்.

கடைசியில் இரண்டு வழி சொன்னார்கள். சாதனத்தின் அடியில் ஊசித்துளை இருக்கிறது. குண்டூசியால் அழுத்தினால் பழைய உரிமையாளர் வைத்த அத்தனையும் அழிந்து புதுச் சாதனமாகிவிடும். அது வேண்டாம் என்றால் ஹப்பைப் புதுப்பியுங்கள். இயக்க முடியாவிட்டாலும் பழைய சாதனங்களின் அளவுகளைப் படிக்கவாவது முடியும்.

குண்டூசி என்ற சொல்லைப் படித்ததுமே கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன். அண்ணன் வைத்த அத்தனையுமா? அன்று இரவு ஹப்பைப் புதுப்பித்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் புதிதாக ஒரு கட்டம் முளைத்திருந்தது: பாஸ், வெப்பம், இருபத்தொன்பது. படிக்க மட்டும். மறுபடியும் விருந்தினர்.

அன்று மாலை கடையில் ஓர் ஆன்டி கண்ணாடிச் சட்டங்களை ஒவ்வொன்றாகப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தார். வெளியே மோனோரயில் போகிற சத்தம் கேட்டது. நான் அவருக்கு முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்தபடி இன்னொரு கையில் கைப்பேசியைப் பார்த்தேன். பின்னறை இருபத்தொன்பது. முப்பது. ஆளில்லாத அறையில் சூடு ஏன் ஏறுகிறது? முப்பத்தொன்று. கைப்பேசி அதிர்ந்தது. பாஸ் இணைப்பில் இருக்கிறார். சரி, ஏர்கோன் ஓட ஆரம்பித்துவிட்டது. இனி எண் இறங்கும் என்று காத்திருந்தேன்.

இறங்கவில்லை. பதினாறு டிகிரிக் குளிர் கொட்டும் அறையில் எண் ஏறியது. முப்பத்துமூன்று. முப்பத்தைந்து. முப்பத்தேழு.

"இது எப்படிங்க இருக்கு?" என்றார் ஆன்டி.

முப்பத்தெட்டு.

அந்த எண்ணை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். இப்படித்தான் ஒவ்வொன்றாக, நிற்காமல், கட்டிலின் தலைமாட்டில். அறையில் வேறு யாருக்கு முப்பத்தெட்டு இருக்கும்? சுவருக்கோ கட்டிலுக்கோ முப்பத்தெட்டு வராது. மனித உடம்புக்குத்தான் வரும். அதுவும் காய்ச்சல் கண்ட உடம்புக்கு. இன்னும் கொஞ்சம் கம்மி பண்ணுடா.

"அங்கிள், உங்களுக்கு வேர்க்குது," என்றார் ஆன்டி. என்னைவிட மூத்தவர் அவர். வேறு நாளாக இருந்தால் அந்த அங்கிளுக்காகவே சண்டை போட்டிருப்பேன். வீட்டுக்குப் போன் போட்டேன். நெடுநேரம் மணி அடித்துத்தான் எடுத்தாள்.

"எங்க இருக்க?"

"வீட்டுலதான். ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

"ரூமுக்குள்ள போகாத! அண்ணனுக்கு... அண்ணனுக்குக் காய்ச்சல் அடிக்குது!"

ஆன்டி கண்ணாடியைக் கழற்றி மெதுவாக மேசைமேல் வைத்தார்.

"யாருக்கு?" என்றாள் மனைவி.

"முப்பத்தெட்டு காட்டுது! ஏறிட்டே இருக்கு! அந்த ரூம்ல இப்ப என்ன நடந்துச்சு? யாரு போனா?"

"நான்தான் போனேன். விளக்கேத்தினேன். இன்னைக்கு வெள்ளிக்கிழமைன்னு சாம்பிராணியும் வச்சிட்டுக் கதவச் சாத்திட்டு வந்தேன். தினமும் செய்யறதுதானே?"

தினமும் செய்கிறாள். ஈப்போவில் இருந்தபோது செய்யவில்லை. வெள்ளிக்கிழமைகளில் சாம்பிராணித் தணலும் உண்டு.

"என்னங்க? இருக்கிங்களா?"

"பாஸுக்குப் பின்னால என்ன இருக்குன்னு பார்க்கணும்," என்றேன்.

"என்ன?"

"படத்துக்குப் பின்னால."

ஆன்டியிடம், கண்ணாடி உங்கள் முகத்துக்கென்றே செய்தது என்று பார்க்காமலே சொல்லிவிட்டுக் கடையைச் சாத்தினேன். கொமுட்டர் ரயிலில் கிள்ளான் வந்து சேரும்வரை எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஊருக்கெல்லாம் கண்ணாடி விற்கிறவனுக்கு, சொந்த வீட்டுச் சுவரில் தொங்குவது தெரியவில்லை. கிள்ளான் வருவதற்குள் விளக்கில் எண்ணெய் தீர்ந்திருக்க வேண்டும். எண் இருபத்தெட்டுக்கு இறங்கியிருந்தது. ஏர்கோனும் நின்றிருந்தது.

மாலையைக் கழற்றாமல் படத்தின் அடிப்பக்கத்தை மட்டும் சுவரிலிருந்து இழுத்துப் பார்த்தேன். கொக்கியிலிருந்து ஒரு நூல். அதன் முனையில் ஐம்பது காசு அளவில் வெள்ளைப் பொத்தான், ஒரு பக்கம் லேசாக மஞ்சள் படிந்து தொங்கியது. நேர் கீழே விளக்குக் கூண்டின் திறந்த வாய். அண்ணன் தன் சூடு அளக்கும் பொத்தானை அந்தக் கொக்கியில்தான் மாட்டியிருந்திருக்கிறார். முப்பத்தொன்றைத் தொட்டால் பதினாறில் ஏர்கோனைப் போடு, சூடு தணிந்தால் நிறுத்து என்று வெள்ளைப் பெட்டிக்குக் கட்டளையும் கொடுத்து வைத்திருக்கிறார். அதன்மேலேயே நாங்கள் அவர் படத்தை மாட்டினோம். அதற்குக் கீழே தினமும் நெருப்பு வைத்தோம். நெருப்பின் சூடு பொத்தானுக்கு. குளிர் அறைக்கு.

எல்லாவற்றையும் மனைவிக்கு விளக்கினேன். இதுவரை நான் பயந்ததெல்லாம் பயமே இல்லை, ஒரு விஞ்ஞான ஆராய்ச்சி என்பதுபோல இடுப்பில் கைவைத்துக்கொண்டு விளக்கினேன். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டாள். கம்பளியின் நுனியைத் திருகிக்கொண்டே இருந்தாள். அவளிடமிருந்து நான் எதைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. தினமும் விரித்துப் போட்ட கம்பளி அது.

"அப்ப, நான்தான் கூப்பிட்டிருக்கேன்," என்றாள்.

"இல்ல, அது பொத்தான் சூடாகி—"

"விளக்கு வச்சுக் கூப்பிட்டேன். வந்தாரு. எண்ணெ தீர்ந்ததும் போனாரு. விளக்கு எதுக்கு வைக்கிறோம் பின்ன? இதுல என்ன புதுசா கண்டுபிடிச்சிட்டிங்க?"

இடுப்பிலிருந்த கையை எடுத்துவிட்டேன்.

கம்பளியின் நுனியை விட்டுவிட்டு அவளே, "நகத்திடுங்க," என்றாள். "பச்சப்புள்ள வருது. அவரு ஒண்ணும் நெனச்சிக்க மாட்டாரு."

"பொத்தான நகர்த்தினா மட்டும் போதாது. வெள்ளைப் பெட்டியையும் ஊசியால குத்தணும். அண்ணன் சொல்லி வச்சதெல்லாம் அழிஞ்சிடும்."

படத்தைப் பார்த்தாள். "நாளைக்கு ஒருநாள் இருக்கட்டும்."

மறுநாள் கடைக்குப் போகவில்லை. அந்தியில் இருவரும் பின்னறையில் ஆளுக்கொரு கம்பளியோடு உட்கார்ந்தோம். பாங்கு ஒலித்தது. மனைவி விளக்கை ஏற்றினாள். வருவார் என்று தெரியும், ஏன் வருவார் என்றும் தெரியும். ஆனாலும் அந்த 'பீப்' கேட்டபோது என் உடம்பு தூக்கிப்போட்டது. குளிர் வந்து முகத்தில் பட்டது. மூக்குவரை இழுத்துக்கொண்டோம். கம்பளியில் இன்னும் அவருடைய தைல வாசனை இருந்தது.

"டிவி போடுங்க. செய்தி பார்க்காம அவரு இருக்கமாட்டாரு," என்றாள்.

செய்தி பார்த்தோம். என்ன செய்தி என்று கேட்காதீர்கள். எண்ணெய் தீர்ந்து, சுடர் ஒருமுறை எழும்பி அணைந்தது. கொஞ்ச நேரத்தில் ஏர்கோன் வாயை மூடிக்கொண்டது. நான் அலமாரியிலிருந்து வெள்ளைப் பெட்டியை எடுத்தேன். அவள் தன் சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அழுத்துங்க."

"நீ அழுத்தேன்."

"உங்க அண்ணன்தானே?"

அழுத்தினேன். சிவப்பு ஒளி துடித்தது, நின்றது. என் கைப்பேசியில் கடைசியாக ஒரு செய்தி: பாஸ் நீக்கப்பட்டார். ஒரு ஜோக் சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. பரவாயில்லை என்று அவள் என் முதுகில் தட்டினாள்.

அதன்பிறகு ஹப் அந்தப் பெட்டியை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. பொத்தானை எதிர்ச் சுவரில் ஒட்டினேன். இதற்கு என்ன பெயர் என்று ஹப் கேட்டது. பாப்பா ரூம் என்று எழுதப்போனேன்.

"என்ன புதுப்பேரு? இருக்கற பேரே இருக்கட்டும்," என்றாள்.

பிரசவம் முடிந்து கைக்குழந்தையோடு மகள் வந்தாள். சம்பந்தியம்மாவும் கூடவே வந்து அறையைச் சுற்றிப் பார்த்தார். ஏர்கோன் முகத்தில் இருபத்தேழு இருக்கிறதா என்று நெருங்கிப் பார்த்தார், படத்தைக் கும்பிட்டார், குறை சொல்ல எதுவும் கிடைக்காமல் காப்பியில் சீனி அதிகம் என்று சொல்லிவிட்டு செமினிக்குத் திரும்பினார்.

அந்தி வந்தது. பாங்கு ஒலித்தது. மனைவி விளக்கேற்றினாள். நாங்கள் மூவரும் எங்களை அறியாமல் ஏர்கோனையே பார்த்தோம். அது பாட்டுக்கு இருபத்தேழில் முனகிக்கொண்டிருந்தது. யாரும் வரவில்லை. என் கைப்பேசி அதிரவில்லை. இத்தனை நாள் எதற்குப் பயந்தேனோ, அது இல்லாத அறை எனக்கு அதைவிடப் பயமாக இருந்தது.

குழந்தை அழ ஆரம்பித்தது. மகள் தூக்கினாள், தட்டினாள், பால் கொடுத்துப் பார்த்தாள். முகம் சிவந்து, கழுத்தெல்லாம் வேர்த்து, கைகால் உதறி அழுதது.

"பா," என்றாள் மகள், அம்மாவின் முகத்தைப் பார்க்காமல். "இன்னும் கொஞ்சம் கம்மி பண்ணுங்களேன்."

அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவள் என்னோடு இல்லை. அண்ணனின் அந்தக் கடைசிச் சொற்களை நான் யாரிடமும் சொன்னதில்லை, மனைவி ஒருத்தியைத் தவிர. மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஜன்னி, குளிர், பச்சை உடம்பு, எல்லாம் அவள் உதட்டுவரை வந்தன. இம்முறை அது என் கையில் இருந்தது. கட்டடம் முழுவதற்கும் ஒரே ஏர்கோன் இல்லை.

"இருபத்தஞ்சு," என்றாள் மனைவி. "அதுக்குக் கீழ ஒண்ணு எறங்கினா உங்கள வெளிய தள்ளிக் கதவச் சாத்திடுவேன்."

அழுத்தினேன். பீப் என்றது. மனைவி அண்ணனின் கம்பளியை எடுத்து மகளின் கால்மேல் போட்டு இழுத்துவிட்டாள்.